கரிப்புகையும் கறுப்பு அந்துப்பூச்சியும்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தருமாறு செயலாளர் அவர்கள் கேட்டுக்கொண்டபோது நாம் பெரிதும் தயங்கினோம். புலவர்களும் பட்டதாரிகளும் எழுதும் மலரில், பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்துவிட்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் பார்சல் பேரேடுகளோடு காலம் கழித்துவரும் நமக்கு என்ன இடம் உண்டு என்று எண்ணினோம். ஆயினும், அண்மையில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சி, எழுதியே தீரவேண்டும் என்னும் கடமையை நம்மேல் சுமத்திவிட்டது. அதனை முதற்கண் கூறிவிடுகின்றோம்.

நம் காலனியில் அடுத்த வீட்டுச் சிறுமி ஒருத்தி பத்தாம் வகுப்புப் படிக்கின்றாள். ஒரு நாள் மாலை, பன்னிரண்டாம் வகுப்பில் பயிலும் தன் அக்காளின் உயிரியல் நூலை எடுத்துக்கொண்டு நம் வீட்டுத் திண்ணைக்கு வந்தாள். அதில் ஒரு படம். மரத்தின் அடிப்பகுதியில் வெள்ளைப் பூச்சி ஒன்றும் கறுப்புப் பூச்சி ஒன்றும் அமர்ந்திருந்தன. "மாமா, வெள்ளையாக இருந்த பூச்சி ஏன் கறுத்தது?" என்று கேட்டாள். நாமும் சற்றும் யோசியாமல், "ஆலைப் புகையினால் மரம் கறுத்துவிட்டது அம்மா. பறவைகளிடமிருந்து தப்புவதற்காகப் பூச்சியும் தன் நிறத்தைக் கறுப்பாக மாற்றிக்கொண்டது" என்று விடை பகர்ந்தோம். அவளும் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நம் தந்தையார் நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போடும் பணியில் வாழ்நாளைக் கழித்தவர். அவர் நகக்கண்களில் படிந்த கரி எந்தச் சோப்புக்கும் அகன்றதில்லை. லோகோ ஷெட்டை அடுத்த குடியிருப்பில் கொடியில் உலர்த்திய வேட்டிகூட மாலைக்குள் சாம்பல் நிறம் கொள்ளும். ஆயினும் அவர் மக்களாகிய நாம் கரிபடிந்த கைகளோடு பிறக்கவில்லை. கரிப்புகையில் வாழ்ந்த எந்தக் குடும்பத்திலும் குழந்தை கறுத்துப் பிறந்ததாகக் கேள்வியில்லை. அப்படியிருக்க, பூச்சி மட்டும் புகையைக் கண்டு தன்னைக் கறுப்பாக்கிக்கொள்வது எங்ஙனம்? நாம் சொன்ன விடையில் எங்கோ பிழை இருக்கிறது என்று தோன்றியது. நூலகத்திலிருந்து நூல்களை வரவழைத்துப் படித்தோம். பிழை சிறிதன்று, பெரிதே என்று தெளிந்தோம். இக்கட்டுரை அப்பிழைக்கு நாம் செலுத்தும் தண்டத் தொகை எனக் கொள்க.

மான்செஸ்டர் நகரத்துப் புகை

இங்கிலாந்து நாட்டில் மிளகுப் பொடி தூவினாற்போன்ற புள்ளிகளையுடைய அந்துப்பூச்சி ஒன்று உண்டு. விளக்கைச் சுற்றி இரவில் வட்டமிடும் விட்டில்களின் வகையைச் சேர்ந்தது. அறிவியலார் அதற்கு இட்ட பெயர் பிஸ்டன் பெட்டுலேரியா. இரவில் பறக்கும் இப்பூச்சி, பகலில் மரக்கிளையிலோ அடிமரத்திலோ அசையாமல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியில் கல்பாசி என்று ஒரு பொருள் இருக்கின்றதன்றோ? அந்த இனத்தைச் சேர்ந்த வெளிர்நிறப் பாசிகள் அந்நாட்டு மரங்களின் பட்டைகளில் அடர்ந்து படர்ந்திருக்கும். அவற்றின்மேல் வெண்புள்ளிப் பூச்சி அமர்ந்தால், கூர்ந்து நோக்குவோர்க்கும் எளிதில் புலப்படாது.

1830-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே புகைவண்டிப் பாதை திறக்கப்பட்டது. இருப்புப்பாதைப் பணியாளராகிய நமக்கு அது பெருமைக்குரிய நாள். ஆனால், எஞ்சின்களும் பஞ்சாலைகளும் வீட்டு அடுப்புகளும் ஒருசேர எரித்த நிலக்கரியின் புகை அவ்வட்டாரத்து வானத்தை மூடியது. புகையில் கலந்த கந்தக வாயு பாசிகளை அழித்தது. கரித்தூள் மரப்பட்டைகளில் படிந்து அவற்றைக் கறுக்கச் செய்தது.

1848-ஆம் ஆண்டில் மான்செஸ்டரில் பூச்சி சேகரிப்பாளர் கையில் முழுக் கறுப்பான பூச்சி ஒன்று அகப்பட்டது. அக்காலத்தில் அஃது ஓர் அதிசயம். 1895-ஆம் ஆண்டு அளவிலோ, அந்நகரத்துப் பூச்சிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கறுப்பு. அதிசயம் வழக்கமாகி, வழக்கம் அதிசயமாகிவிட்டது. இப்பூச்சி ஆண்டுக்கு ஒரு தலைமுறையே காண்பது. ஆகவே, 47 தலைமுறைகளுக்குள் ஓர் ஊரின் பூச்சிக் குலமே நிறம் மாறிவிட்டது எனலாம்.

மாறியது எது? ஈண்டுதான் நாம் தவறினோம். எந்த ஒரு வெள்ளைப் பூச்சியும் கறுப்புப் பூச்சியாக மாறவில்லை. வெள்ளையாய்ப் பிறந்தது வெள்ளையாகவே இறந்தது. கறுப்பாய்ப் பிறந்தது கறுப்பாகவே இறந்தது. மாறியது கூட்டத்தில் அவற்றின் விகிதம். நம் தொழில் வழக்கில் கூறுவதாயின், பேரேட்டில் எந்த உருப்படியும் திருத்தப்படவில்லை. தொடக்க இருப்புக்கும் இறுதி இருப்புக்கும் இடையே வரவும் செலவும் வேறுபட்டன. அவ்வளவே.

இரு அறிஞர்கள் கண்ட உண்மை

பூச்சி கறுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், அதே நாட்டில், இந்தக் கணக்கின் சூத்திரத்தைச் சார்லஸ் டார்வின் என்னும் பேரறிஞர் எழுதிக்கொண்டிருந்தார். கீழ்த்திசைத் தீவுகளில் அலைந்து உயிரினங்களைத் திரட்டிவந்த ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்பவரும் தாமாகவே அதே முடிவுக்கு வந்தார். இருவரின் கட்டுரைகளும் 1858-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 1-ஆம் நாள் இலண்டன் லின்னேயன் கழகத்தில் படிக்கப்பெற்றன. இருவரும் அவைக்கு வரவில்லை. வாலஸ் தொலைதூரத் தீவில் இருந்தார். டார்வினோ தம் கைக்குழந்தையை நச்சுக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துச் சில நாள்களே ஆகியிருந்தன. மறு ஆண்டு நவம்பரில் டார்வினின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது.

அவர்கள் கண்ட உண்மையைச் சுருங்கக் கூறின், ஓர் உயிர்க்கூட்டத்தில் இயற்கைத் தேர்வு நிகழ வேண்டுமாயின் நான்கு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். முதலாவது, கூட்டத்து உயிர்களிடையே வேறுபாடு இருத்தல் வேண்டும். இரண்டாவது, அவ்வேறுபாடு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் பிறப்பு வழியே செல்லுதல் வேண்டும். மூன்றாவது, பிறப்பவை அனைத்தும் பிழைத்திருந்து இனம் பெருக்க இயலாத நிலையில், அந்த வேறுபாடே யார் பிழைப்பது, யார் மிகுதியாகச் சந்ததி விடுவது என்பதை ஓரளவேனும் முடிவு செய்தல் வேண்டும். நான்காவது, இஃது ஒரு நாள் கூத்தாக முடியாமல், தலைமுறை தலைமுறையாகத் தொடர்தல் வேண்டும். நான்கும் கூடினால், கூட்டம் மாறியே தீரும். எவரும் விரும்ப வேண்டுவதில்லை, எதுவும் முயல வேண்டுவதில்லை. நான்கில் ஒன்று குறைந்தாலும் தேர்வு நின்றுவிடும்.

முதல் இரு நிபந்தனைகள்

வேறுபாடு இல்லையேல் தேர்வு இல்லை என்பது எளிதில் விளங்கும். கடையில் ஒரே வகை அரிசிதான் உண்டென்றால், பொறுக்கி எடுப்பதற்கு என்ன இருக்கிறது? டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஜோகன்சன் என்பார் 1903-ஆம் ஆண்டில் இதனை அவரைக் கொட்டைகளைக் கொண்டு காட்டினார். ஒரே விதையின் வழிவந்த தூய குலத்தில் பெரிய கொட்டைகளையே பொறுக்கி விதைத்தார். சிறியவற்றையும் தனியே விதைத்தார். இரண்டின் விளைச்சலும் ஒரே சராசரி அளவில்தான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு மண்ணாலும் நீராலும் வந்தது, பிறப்பால் வந்ததன்று. ஆகவே, பொறுக்கியும் பயனில்லை.

இரண்டாம் நிபந்தனையாகிய மரபுரிமைதான் அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. பிரெஞ்சு அறிஞர் லாமார்க் 1809-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், உயிர்கள் தம் வாழ்நாளில் பழக்கத்தால் பெறும் மாற்றங்கள் பிள்ளைகளுக்குச் செல்கின்றன என்று கருதினார். அச்சிறுமிக்கு நாம் சொன்ன விடையும் இதற்கு உறவுமுறை ஆகும். பெரியோர் செய்த பிழையைத்தான் நாமும் செய்தோம் என்பதில் ஓர் ஆறுதல்.

செருமானிய அறிஞர் வைஸ்மன் இதனைச் சோதித்தார். எலிகளின் வாலை வெட்டி இனம்பெருக்கச் செய்தார். ஐந்து தலைமுறைகளில் பிறந்த 901 குட்டிகளில் ஒன்றேனும் வாலின்றிப் பிறக்கவில்லை. குட்டை வாலோடும் பிறக்கவில்லை. இதற்குச் செருமனிவரை செல்லுவானேன்? நம் குலத்தில் எத்தனை நூற்றாண்டுகளாகக் காது குத்தி வருகின்றோம்! எனினும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மாமன் மடியில் அமர்த்தி மீண்டும் காது குத்தத்தான் வேண்டியிருக்கிறது. வைஸ்மனுக்கு முன்பே நம் பாட்டிமார் அந்தச் சோதனையை முடித்துவிட்டனர்; முடிவைத்தான் எவரும் எழுதி வைக்கவில்லை.

டார்வினுக்கும் இவ்விடத்தில் ஓர் இடர் நேர்ந்தது. 1867-ஆம் ஆண்டில் பிளீமிங் ஜென்கின் என்னும் பொறியியல் அறிஞர் ஒரு வினா எழுப்பினார். தந்தையின் இயல்பும் தாயின் இயல்பும் பாலும் நீரும் போலக் கலந்துவிடுமாயின், புதிதாய்த் தோன்றிய நல்லியல்பு நாலைந்து தலைமுறையில் நீர்த்துப் போகாதோ என்பதே அது. ஒரு கறுப்புப் பூச்சி வெள்ளையோடு கூடினால் சாம்பல் நிறம், அது மீண்டும் வெள்ளையோடு கூடினால் வெளிர்சாம்பல், பின்னர் வெறும் வெள்ளை என்றாகிவிடும் அன்றோ? டார்வினால் இதற்கு நேரிய விடை கூற இயலவில்லை.

விடை அப்போதே அச்சாகி இருந்தது. 1866-ஆம் ஆண்டில் மெண்டல் என்னும் துறவி, பட்டாணிச் செடிகளைக் கொண்டு, இயல்புகள் பாலும் நீரும் போலக் கலப்பதில்லை, குன்றிமணிகள்போல் தனித்தனியே நின்று அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன என்று எழுதியிருந்தார். அது 1900-ஆம் ஆண்டு வரை கவனிப்பாரற்றுக் கிடந்தது. நம் பூச்சியிலும் அவ்வாறே. ஒவ்வொரு பூச்சிக்கும் தாய்வழி ஒரு மணியும் தந்தைவழி ஒரு மணியும் உண்டு. இரண்டில் ஒன்று கறுப்பாயினும் பூச்சி கறுப்பாகவே இருக்கும். வெள்ளை மணி உள்ளே மறைந்து கிடக்கும், அழியாது. இதனை வாசகர்கள் நினைவில் இருத்துக. பின்னர் பயன்படும்.

மணிக்குரிய அந்தக் கறுப்பு எங்கிருந்து வந்தது? 2016-ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் அதனையும் கண்டுவிட்டனர். இடம்விட்டு இடம் தாவும் இயல்புடைய ஒரு மரபுத் துண்டு, ஏறத்தாழ 22,000 எழுத்துகள் நீளமுள்ளது, பூச்சியின் மரபுச் சரத்தில் ஓரிடத்தில் நுழைந்துகொண்டதே கறுப்பின் தோற்றம். அது நிகழ்ந்தது 1819-ஆம் ஆண்டை ஒட்டி இருக்கலாம் என்றும் கணித்தனர். அச்சில் கோக்கும்போது வேறு வரி ஒன்று இடையே புகுந்துவிடுவதுபோன்ற தற்செயல் நிகழ்ச்சி அது. பூச்சிக்கு வேண்டும் என்பதற்காக வந்ததன்று. வந்தபின் பயன்பட்டது, பயன்படுவதற்காக வரவில்லை.

இவ்விடத்தில் ஒரு வியப்பையும் சொல்லவேண்டும். இதே பூச்சியின் புழு, தான் இருக்கும் குச்சியின் நிறத்துக்கேற்ப உண்மையிலேயே தன் நிறத்தை மாற்றிக்கொள்ளும்; பச்சைக் குச்சியில் பச்சை, பழுப்புக் குச்சியில் பழுப்பு. அது தனி உயிரின் வாழ்நாள் மாற்றம். இறக்கை முளைத்த பூச்சியின் கறுப்போ பிறப்பில் வந்தது. ஒரே உயிரின் வாழ்வில் இரு வேறு வழிகள்! இரண்டையும் ஒன்றாய்க் குழப்பிக்கொள்வது நம்போன்றோர் செய்யும் பிழை.

மூன்றாம் நிபந்தனை: பறவையின் அலகு

கறுப்புப் பூச்சி மிகுதியாகப் பிழைத்தது எதனால்? 1896-ஆம் ஆண்டில் டட் என்னும் பூச்சியியலார் ஒரு கருத்தை வெளியிட்டார். புகை படிந்த மரத்தில் வெள்ளைப் பூச்சி பளிச்சென்று தெரிகிறது. பறவைகள் அதனைக் கொத்திச் செல்கின்றன. கறுப்பு மறைந்துகொள்கின்றது என்பது அவர் கருத்து. நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால், நியாயமாக இருப்பதெல்லாம் உண்மையாகிவிடாது. மரத்தில் அமர்ந்திருக்கும் பூச்சியைப் பறவைகள் உண்பதைப் பார்த்தவர் யார் என்று பலர் ஐயுற்றனர். 1920-களில் ஹெஸ்லப் ஹாரிசன் என்பவர் வேறு சில அந்துப்பூச்சிகளை வைத்துச் சோதித்து, இலைகளில் படியும் உலோக உப்புகளைப் புழுக்கள் தின்பதே கறுப்புக்குக் காரணம் என்றார். பிறர் செய்து பார்த்தபோது அம்முடிவு கிட்டவில்லை.

1924-ஆம் ஆண்டில் ஜே. பி. எஸ். ஹால்டேன் என்னும் அறிஞர், காட்டுக்கும் போகாமல் வலையும் வீசாமல், தாளும் பேனாவும் கொண்டே ஓர் உண்மையைக் கண்டார். நூற்றுக்கு ஒன்றாக இருந்தது ஐம்பது ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது ஆக வேண்டுமாயின், வெள்ளைப் பூச்சிகள் 100 சந்ததி விடும்போது கறுப்புப் பூச்சிகள் 150 விட்டிருக்க வேண்டும் என்று கணித்தார். அக்காலத்தில் இயற்கைத் தேர்வு நத்தைபோல் நகர்வது என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். இவ்வளவு கடுமையான தேர்வா என்று கேட்டவர் திகைத்தனர். கணக்கெழுதும் நமக்கு இதில் திகைப்பில்லை. வெள்ளை 100 என்றே நிற்க, கறுப்பு 1 என்று தொடங்கி ஆண்டுதோறும் ஒன்றரை மடங்காகட்டும். பன்னிரண்டாம் ஆண்டில் கறுப்பு 130-ஐ நெருங்கிவிடும். வட்டிக் கணக்கு அறிந்த கடன்காரர் எவருக்கும் இது தெரிந்ததே! உண்மையில் கறுப்பினுள் வெள்ளை மணி மறைந்து நிற்பதால், கடைசி வெள்ளைகளைக் குறைப்பதற்குத்தான் காலம் மிகுதியாகிறது.

இந்த ஹால்டேன் நமக்கு அயலார் அல்லர். 1957-இல் கல்கத்தாவில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியேற்று, இந்தியக் குடியுரிமையும் பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் காலமானார். பிறந்த மண்ணை விட்டு வந்த ஊரைத் தம் ஊராக்கிக்கொண்டவர் என்னும் முறையில், நம்போன்றோர்க்கு அவர்மேல் ஒரு தனிப்பற்று உண்டாவது இயல்பே.

கணக்கு முடிந்தது, கண்ணால் காண்பது எஞ்சியிருந்தது. மருத்துவராயிருந்து பூச்சியியலுக்கு வந்த கெட்டில்வெல் என்பவர் 1953-ஆம் ஆண்டில் புகைசூழ்ந்த பர்மிங்காம் நகரை அடுத்த காட்டில் பூச்சிகளை விடுவித்தார். பறவைக்குத் தெரியாதபடி ஒவ்வொன்றின் இறக்கைக்கு அடியிலும் சிறு வண்ணப்பொட்டு வைத்தார். சில நாள்கள் விளக்குப் பொறி வைத்து அவற்றை மீட்டார். விடுவித்த 447 கறுப்புகளில் 123 திரும்பின. 137 வெள்ளைகளில் 18 மட்டுமே திரும்பின. அதாவது நூற்றுக்கு 27-க்கு மேலும், 13-ம்.

அவர் அத்தோடு நின்றிருந்தால் நாம் அவரைப் பாராட்டமாட்டோம். கறுப்புப் பூச்சி இயல்பிலேயே வலியது என்று ஒருவர் வாதிடலாம் அன்றோ? 1955-ஆம் ஆண்டில், புகை எட்டாத டார்செட் வட்டாரத்தில், பாசி படர்ந்த மரங்களிடையே அதே சோதனையை மீண்டும் செய்தார். அங்கே 496 வெள்ளைகளில் 62 திரும்பின. 473 கறுப்புகளில் 30-தான் திரும்பின. கணக்கு தலைகீழாயிற்று! பறவைகள் பூச்சிகளைக் கொத்துவதை டின்பெர்கன் என்னும் அறிஞர் திரைப்படச் சுருளிலும் பதிவு செய்தார். பூச்சி அதே பூச்சி. பறவை அதே பறவை. மரம் மட்டும் வேறு. ஓரிடத்தில் வாழவைத்த நிறமே மற்றோரிடத்தில் கொன்றது.

ஐயமும் மறுசோதனையும்

கெட்டில்வெல் சோதனையிலும் குறைகள் இருந்தன. இரவில் பறந்து தாமே இடம் தேடவேண்டிய பூச்சிகளை அவர் பகலில் அடிமரங்களில் விட்டார். இயற்கையில் அவை பெரும்பாலும் கிளைகளிலேயே தங்குகின்றன. விட்ட எண்ணிக்கையும் இயற்கையில் உள்ளதைவிட மிகுதி. 1998-ஆம் ஆண்டில் மைக்கேல் மஜெரஸ் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர் இக்குறைகளை ஒளிவுமறைவின்றித் தம் நூலில் எடுத்துரைத்தார். அதைக்கொண்டு, பூச்சிக் கதை முழுவதுமே புரட்டு என்று சிலர் பறைசாற்றத் தொடங்கினர். 2002-இல் வெளிவந்த நூல் ஒன்று கெட்டில்வெல்லின் நேர்மையையே ஐயுற்றது. அவர் மறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. மறுமொழி கூற அவர் இல்லை.

மஜெரஸ் என்ன செய்தார்? அறிக்கைப் போர் நடத்தவில்லை. தம் வீட்டுத் தோட்டத்தில் சோதனையை முதலிலிருந்து மீண்டும் தொடங்கினார். இரவில் பூச்சி தானே இடம் தேடி அமருமாறு விட்டார். எண்ணிக்கையை இயற்கையை ஒட்டி வைத்தார். விடியற்காலையில் தொலைநோக்கியோடு சாளரத்தருகே அமர்ந்து, எந்தப் பறவை எந்தப் பூச்சியைக் கொத்துகிறது என்று குறித்தார். ஆறு ஆண்டுகள் உழைத்து 4,864 பூச்சிகளை ஆராய்ந்தார். ஒன்பது வகைப் பறவைகள் அவற்றைத் தின்பதைக் கண்டார். புகை நீங்கிய கேம்பிரிட்ஜில் கறுப்பே மிகுதியாக இரையாயிற்று. கணக்கைப் பதிப்பிக்கும் முன்னரே 2009-இல் அவர் காலமானார். நண்பர் நால்வர் 2012-இல் அதனை வெளியிட்டனர். குற்றம் கூறியவரே மெய்ப்பித்தவரும் ஆனார். தணிக்கைக்கு அஞ்சாத பேரேடே நல்ல பேரேடு என்பது நம் அலுவலக வழக்கு. அறிவியலுக்கும் அது பொருந்தும்.

புகை அகன்றபின்

1952-ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டனைக் கொடிய புகைப்பனி சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அதன் விளைவாக 1956-இல் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. 1968-இல் பிரித்தானிய இருப்புப்பாதையும் தன் பெருவழிகளில் நீராவி எஞ்சின்களுக்கு ஓய்வு கொடுத்தது. மரங்கள் மீண்டும் வெளுத்தன; பாசிகள் மெல்லத் திரும்பின.

லிவர்பூலை அடுத்த ஓர் ஊரில் சிரில் கிளார்க் என்னும் மருத்துவர் 1959-ஆம் ஆண்டு முதல் தம் தோட்டத்து விளக்குப் பொறியில் விழும் பூச்சிகளை எண்ணி வந்தார். வண்ணத்துப்பூச்சிகளின் மரபை ஆராய்ந்த பழக்கத்தால், தாய்க்கும் சிசுவுக்கும் குருதி வகை முரண்படுவதால் நேரும் சிசு மரணத்தைத் தடுக்கும் ஊசிமருந்துக்கு வழிகண்ட குழுவின் தலைவர் இவரே. பூச்சி எண்ணுவது வீண்வேலை என்று எவரும் நகையாடற்க! அவர் கணக்குத் தொடங்கியபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கறுப்பு. 1990-களின் நடுவில் அது இருபதை ஒட்டிக் குறைந்துவிட்டது. இன்று அந்நாட்டில் கறுப்புப் பூச்சி அரிய பொருள்.

வெள்ளை எங்கிருந்து திரும்பியது? கறுப்புப் பூச்சிகளுக்குள் மறைந்து கிடந்த வெள்ளை மணிகளிலிருந்தும், புகை காணாத நாட்டுப்புறத்திலிருந்து பறந்துவந்த பூச்சிகளிலிருந்தும். அந்த மணிகள் அடியோடு அழிந்திருந்தால், மரம் வெளுத்தும் பூச்சி வெளுத்திருக்காது. வேறுபாடு என்னும் முதல் நிபந்தனையின் அருமை இங்கே விளங்கும். ஒரு கூட்டம் தன்னுள் வேறுபாட்டைக் காத்து வைத்திருப்பது, நாளை என்ன வரும் என்று அறியாத உலகில் சேமநிதி வைத்திருப்பதற்கு ஒப்பாகும். புலி, சிறுத்தை முதலிய விலங்குகள் சிறு கூட்டங்களாய்க் குறுகிப்போவதைக் கண்டு அறிஞர் கவல்வதும் இதனாலேயே. கூட்டம் சிறுத்தால் சேமநிதி கரையும். அதன்மேல், எது நிலைப்பது எது மறைவது என்பதைத் தகுதியைக் காட்டிலும் தற்செயலே பெரிதும் முடிவு செய்யும்.

வல்லவன் வாழ்வான் என்பதா?

தகுதியுள்ளது பிழைக்கும் என்னும் தொடரை ஆக்கியவர் டார்வின் அல்லர். 1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் ஆக்கினார். டார்வின் பின்னரே தம் நூலில் ஏற்றார். அத்தொடரை, வலியவன் எளியவனை மிதிப்பதற்கு இயற்கை வழங்கிய உரிமைச் சீட்டு என்று பலர் பொருள் கொண்டனர். பூச்சியின் வரலாறு அதனை மறுக்கின்றது. கறுப்பும் வெள்ளையும் ஒன்றோடொன்று மோதவில்லை. கறுப்பு உயர்ந்ததும் அன்று, வெள்ளை தாழ்ந்ததும் அன்று. மான்செஸ்டரில் எது தகுதியோ அதுவே டார்செட்டில் தகுதியின்மை. தகுதி என்பது உயிரின்மேல் ஒட்டிய முத்திரை அன்று. உயிருக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் உள்ள பொருத்தம்.

இவற்றையெல்லாம் இவ்வளவு விரித்து எழுதக் காரணம் ஒன்று உண்டு. 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த மத்தியப் பாடத்திட்டப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில், மரபுரிமையும் பரிணாமமும் என்று இருந்த பாடத்திலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டது. 1,800-க்கு மேற்பட்ட அறிவியலாரும் ஆசிரியரும் அதனை மீண்டும் சேர்க்குமாறு கையொப்பமிட்டுக் கேட்டனர். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் எடுப்போர் அதனைப் படிக்கத்தான் செய்கின்றனர். ஆனால், வணிகவியல் எடுப்பவன் படிப்பதில்லை. நம்மைப்போல் பத்தாம் வகுப்போடு நின்று வேலைக்குச் செல்பவன் படிப்பதில்லை. அவனும் நாளை ஒரு பிள்ளையின் தந்தையாவான். அப்பிள்ளையும் திண்ணையில் வந்து கேள்வி கேட்கும். அப்போது அவனும் நாம் சொன்ன விடையையே சொல்லுவான். ஆதலின், பள்ளி கொடுக்காததை வீடு கொடுக்க வேண்டியதாகிறது.

மறுவாரம் அச்சிறுமியை அழைத்து, "அம்மா, நாம் சொன்னது தவறு. அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்" என்று நான்கு நிபந்தனைகளையும் கூறினோம். அவள் சிறிது நேரம் சிந்தித்து, "அப்படியென்றால் மாமா, நாங்கள் இங்கே பிறந்து இந்தி பேசுகிறோமே, அதுவும் பரிணாமமா?" என்று கேட்டாள். நாம் சிரித்துவிட்டோம். "அன்று அம்மா. மொழி குருதியில் வருவதில்லை. இரண்டாம் நிபந்தனையைப் பார். காது குத்துவதுபோல, ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகத்தான் கற்பிக்க வேண்டும்" என்றோம்.

சொல்லி முடித்த பின்னரே அச்சொல் நமக்கும் உறைத்தது. தமிழ் தானாக வந்துவிடும் என்று நம் பிள்ளைகளை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பாமல் இருந்தவர்களில் நாமும் ஒருவர். அடுத்த ஞாயிறு முதல் அனுப்பி வருகின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!